எக்ஸ்ட்ரா மாஸ்டரும் ஏஞ்சலின் மஞ்சள் சட்டையும்

இந்த உலகத்தில் எதுவும் பத்தாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே ஆண்டவன் ஒரு மனிதரைப் படைத்துத் திருப்பூருக்கு அனுப்பிவைத்தான் என்றால், அது எங்கள் எக்ஸ்ட்ரா மாஸ்டர்தான். நாளைக்கே ஊழிக்காலம் வந்து உலகம் முழுக்க மூழ்கிப்போனாலும், அவர் வீட்டுப் பரணில் இன்னொரு உலகம் பாலித்தீன் கவரில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கம்பெனியில் யாருக்குமே தெரியாது. முதலாளிகூட ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். மாஸ்டர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நாங்கள் முன்னால் ஒரு ‘எக்ஸ்ட்ரா’வைச் சேர்த்துக்கொள்வோம்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நான் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரன் ஆயிரம் சட்டை கேட்டால் எந்தக் கம்பெனியிலும் ஆயிரம் மட்டும் வெட்ட மாட்டார்கள். தைக்கும்போது ஒன்று கிழியும், இன்னொன்றில் எண்ணெய்க் கறை படும், அயர்னில் ஒன்று கருகும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி வைப்பார்கள். ஊரில் உள்ள எல்லா மாஸ்டர்களும் இதைச் செய்துவிட்டு, கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். எங்கள் மாஸ்டர் மட்டும் மறக்காமல் வீட்டுக்கும் கொண்டு போனார்.

டீக்கடைக்குத் தனியாகப் போனாலும் இரண்டு டீ சொல்வார். ஏன் என்று கேட்டால், “ஒண்ணு கைதவறிக் கொட்டிப்போச்சுன்னா என்னங்க பண்றது?” என்பார். கோயிலுக்குத் தேங்காய் வாங்கினால் ஒன்று கூடுதல். அழுகலாக இருந்துவிட்டால் சாமி முன்னால் மானம் போய்விடுமாம். அவர் கல்யாணத்துக்கு மூன்று மாலை கட்டச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாலையை என்ன செய்வது என்று தெரியாமல், பக்கத்தில் நின்ற பெரியப்பா மகன் கழுத்தில் போட்டுவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தை இன்றைக்கு யார் புரட்டினாலும், இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்காமல் மூடுவதில்லை. மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்களாம். இவர் மட்டும் வீட்டில் தொட்டில் இரண்டு கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் கோபம் வந்தால் கோபமாகவே பேசுவார்கள், கேட்கிறவர்களுக்கும் சுலபமாக இருக்கும். இந்த ஊரில் திட்டுவதைக்கூட மரியாதையில் முக்கித்தான் எடுக்கிறார்கள். ஒருமுறை நான் அளவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று மாஸ்டர் மாடிக்கு ஏறி வந்து, “அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, நீங்க ஒரு வெவரங்கெட்டவங்களா இருக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்திருந்த இரண்டு டீயில் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் கோபப்படுவதா டீயைக் குடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. டீ ஆறிவிடும் என்பதால் குடித்துவிட்டேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஏஞ்சலின் ஆட்டச் சட்டை போய்ச் சேர்ந்தது.

ஏஞ்சல் எங்கள் செக்கிங் பகுதியில் வேலை செய்த பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு, தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடும் வேலைக்கு வந்தவள். அவள் அம்மா எஸ்தர் அக்கா எங்களிடமே ஓவர்லாக் டெய்லர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஏஞ்சல் சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் ஆடுவாள், மற்ற நேரத்தில் செல்போனைப் பார்த்து ஆடுவாள், போன் இல்லாவிட்டால் சும்மாவே ஆடுவாள். டீ டைமில் கட்டிங் ஹாலில் அவள் ஆடியதை யாரோ படம் பிடித்து ஒரு டி.வி. போட்டிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அது சாதாரணப் போட்டி இல்லை. பல நாட்டு இளசுகள் மோதுவது. நாட்டுக்கு ஒருவர்தான். நடனத்தைத் தொழிலாகச் செய்பவர்கள் வரக் கூடாது, படித்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ ஆடுகிறவர்கள் மட்டும். சென்னையில் ஒரு சுற்று நடந்தது. இரண்டாவது சுற்றும் நடந்தது. அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம், இந்தியாவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகப் போவது எங்கள் செக்கிங் டேபிள் ஏஞ்சல் என்று போன் வந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ்கூட ஒழுங்காகத் தைக்கவில்லை.

முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களுக்கு அவரவர் நாட்டிலேயே பெரிய நடனப் பள்ளியில் இரண்டு வருஷம் தங்கிப் படிக்க இலவசமாக இடம், ஏஞ்சலுக்கு என்றால் சென்னையில். ஏஞ்சலுக்குக் கோப்பையைவிட அதுதான் முக்கியம். ஏனென்றால் எஸ்தர் அக்கா முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைத்திருந்தார்.

“போட்டும் மேடம், ஆசைக்கு ஒருதடவ போய் ஆடிட்டு வரட்டும். இதுல ஒண்ணும் ஆகலேன்னா தையில கல்யாணம். எங்க அண்ணன் மவன் காத்துட்டு இருக்கான். பெறவு ஆட்டம் பாட்டம்னு எவளும் என் முன்னால வரப்பிடாது” என்றார் என்னிடம்.

அண்ணன் மகன் நல்ல பையன்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது, தை மாதம் வராமலே போய்விடக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

ஆட்டத்துக்கு என்ன உடை என்ற பேச்சு வந்ததும் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். “உலகத்துக்கே துணி அனுப்பற ஊருங்க இது. நம்ம புள்ள கடையில வாங்கிப் போட்டுட்டு ஆடுனா நல்லாவா இருக்கும்? மாம்பழ மஞ்சள்ல, கை நீளமா, சுத்துனா பறக்கற மாதிரி ஒண்ணு தச்சுப்போடலாம். மாஸ்டர், நீங்க பாத்துக்குங்க.”

மாஸ்டர் பயபக்தியோடு கேட்டார். “எத்தன பீசுங்க, மொதலாளி?”

“ஒண்ணுதான்.”

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணுங்களா?” என்றார். “ஒண்ணே ஒண்ணுங்களா?” என்றார் மறுபடியும். யாரோ இறந்த செய்தியைச் சொன்னதுபோல அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டார். எங்களிடம் மாதிரிச் சட்டை தைக்கத் தனியாக ஒரு பகுதியும் டெய்லரும் இருந்தார்கள். அவர்களிடம் கொடுத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆனால் முதலாளி வாயால் மாஸ்டர் பெயர் வந்துவிட்டது, இனி யார் போய் மாற்றுவது?

முதல் சிக்கல் துணியில் வந்தது. மாம்பழ மஞ்சள் கைவசம் இல்லை. சாயம் போட வேண்டும். சாயப் பட்டறையில் ஒரு சட்டைக்கு மட்டும் சாயம் முக்கித் தர மாட்டார்கள், ஒரு பாத்திரம் நிறைய வேண்டும். “சரிங்க, பாத்திரம் நெறையவே போடுங்க” என்று சொல்லிவிட்டு, நிறம் கொஞ்சம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பாத்திரமும் சொல்லிவிட்டு வந்துவிட்டார் மாஸ்டர். இரண்டு நாள் கழித்து ஒரு டெம்போ வந்து நின்று மஞ்சள் துணி ரோல்களை இறக்க ஆரம்பித்தது. இறக்கிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் ஏதோ புது ஆர்டர் வந்திருக்கிறது என்று நினைத்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

அடுத்த சிக்கல் சைஸ். “கண்ணு வெளிநாடு போகுது. சோறு புடிக்கலீன்னா மெலிஞ்சு போயிரும். புடிச்சுப்போச்சுன்னா பெருத்துப் போயிரும். எல்லா சைஸும் எச்சா இருக்கட்டுங்க” என்று மேஜை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஸ்மாலில் ஆரம்பித்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளிவிட்டார். ஏஞ்சல் கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். டபுள் எக்ஸ்எல் சட்டைக்குள் அவளையும் அவள் அம்மாவையும் விட்டு நடுவில் ஒரு தையல் மெஷினும் போடலாம்.

ஆட்டச் சட்டை போக மிஞ்சிய துணியெல்லாம் டீ-ஷர்ட்டாக மாறியது. கம்பெனியில் ஆளுக்கொன்று. பிறகு அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கு. அதற்குப் பிறகு மாஸ்டரின் ஸ்கூட்டருக்கு சீட் கவர், வீட்டு மிக்சிக்கு உறை, தலையணைகள். அவிநாசிபாளையத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தாராபுரம் பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேராவது மஞ்சளாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் காமாலை பரவுகிறதோ என்று ஒரு பெரியவர் என்னிடமே கவலையாக விசாரித்தார்.

ஒரு நாள் முதலாளி மூச்சு வாங்க உள்ளே வந்தார். அவர் அதட்டுவதும் மரியாதையாகத்தான் இருக்கும். “ஏனுங் மாஸ்டர், ஆடப்போறது ஏஞ்சலு. டீக்கடைக்காரர் எதுக்குங்க பறக்கற கை வச்ச டேன்ஸ் சட்டை போட்டுட்டு நிக்கறாரு?”

“கக்கத்துல தையல் தாங்குதான்னு பாக்கணுமுங்களே, மொதலாளி. நாளு பூரா கைய மேலயும் கீழயும் ஆட்டறது இந்த ரோட்டுல அவரு ஒருத்தருதானுங்க.”

முதலாளிக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அதற்குள் மாஸ்டர் அயர்ன் பகுதி மனோஜைக் கூப்பிட்டு இன்னொரு சட்டையை நீட்டிவிட்டார். மனோஜ் பீகார்க்காரன். இங்கே வந்த சில வருஷத்தில் இந்தியிலும் கொங்கு மரியாதையைக் கலக்கக் கற்றுக்கொண்டவன். “நஹீங்க மாஸ்டர், யே லேடீஸ் பீஸுங்க” என்று கெஞ்சினான். விடவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வெட்கத்தோடு சுற்றிய ஒரு சுற்றை நாங்கள் இன்னமும் நினைத்துச் சிரிப்போம். தையல் தாங்கியது, மனோஜின் மானம்தான் போனது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏஞ்சலின் அளவுக்கு வெட்டிய அந்தச் சட்டை அவ்வளவு அழகு. அதைப் போட்டுக்கொண்டு அவள் கட்டிங் ஹாலில் ஆடிக் காட்டியபோது மாஸ்டர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. துணி எப்படி விழுகிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “கண்ணு, நல்லா ஆடறே. வெசனப்படாத. சட்டைய நான் பாத்துக்கறேன்” என்றார். சட்டையும் ஆட்டமும் ஒன்றுதான் என்பதுபோலச் சொன்னார்.

ஏஞ்சலும் எஸ்தர் அக்காவும் கிளம்புகிற அன்றைக்கு நான் ஒரு வெளிநாட்டுக்காரரோடு வேறு ஊரில் இருந்தேன். பெட்டி கட்டும் வேலையை மாஸ்டரே எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பெட்டி கட்டுதல் ஒன்றுதான். ஒவ்வொரு சட்டையையும் அட்டை வைத்து மடித்து, பாலித்தீன் கவரில் போட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, பார்கோடு ஒட்டி, ஈரம் இழுக்கும் பொட்டலம் போட்டு, எல்லா சைஸும் வருகிற மாதிரி அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் அடித்து, பிளாஸ்டிக் பட்டையும் இழுத்துக் கட்டிவிட்டார். ஏஞ்சல் போடப் போகிற சட்டையும் அதற்குள்தான். தனியாகக் கையில் கொடுத்தால் கசங்கிவிடுமாம்.

சனிக்கிழமை மத்தியானம் எஸ்தர் அக்காவிடமிருந்து போன் வந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து.

“மேடம், பெட்டிய வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்காங்க. யாவாரத்துக்குக் கொண்டாந்தியளான்னு கேக்காங்க. இல்லய்யா, எம்மவ ஆடுததுக்குன்னு சொல்லுதேன். ஒரு பிள்ள ஆடுததுக்கு இத்தன சைஸ் எதுக்குங்காங்க. அது எனக்கே தெரியாது, நான் என்னன்னு சொல்ல?”

போனை அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லி இங்கிலீஷில் பேசினேன். மிகவும் நல்ல மனிதர். தன் மகளும் ஆடுவாள் என்றார். ஆனால் பார்கோடு ஒட்டி, ரகவாரியாக அடுக்கிய பெட்டியை எந்த நாட்டிலும் வியாபாரச் சரக்கு என்றுதான் சொல்வார்கள், அதற்குரிய காகிதங்கள் வேண்டும், திங்கட்கிழமை வந்து பேசுங்கள் என்றார். ஒரே ஒரு சட்டையை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். சீல் வைத்தாகிவிட்டது, திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை.

நான் மாடியிலிருந்து இறங்கிப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கட்டிங் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த மேஜையில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை.

“ஒண்ணுகூடக் கையில இல்லீங்களா அம்மிணி?”

“நீங்கதானே மாஸ்டர் எல்லாத்தையும் உள்ள போட்டுப் பட்டை இழுத்துக் கட்டுனீங்க!” கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“இங்க ஒண்ணு வச்சிருக்கறனுங்க. நான் கொண்டு போய்க் குடுத்துப்போட்டு வந்தர்றேன். இப்பவே கெளம்புனா நாளைக்குப் பொழுதோட போயிரலாமுங்களா?”

“பாஸ்போர்ட் இருக்கா?”

“ஆதார் நாலு ஜெராக்ஸ் இருக்குதுங்க” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பையிலிருந்து நான்கையும் எடுத்து மேஜை மேல் விரித்தார். “புள்ள பொழப்பக் கெடுத்துப்போட்டனுங்க” என்றார். அதற்குப் பிறகு என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டேன், எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாகத் திட்டித் தீர்ப்பதற்காக.

ஞாயிறு சாயந்திரம் எங்கள் பேக்கிங் ஹாலில் பெரிய திரை கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு நாட்டுப் போட்டியாளரும் ஆடுவதற்கு முன்னால் அவர்கள் ஊர்க்காரர்களைக் கொஞ்ச நேரம் நேரலையில் காட்டுவார்களாம். அவர்களுக்கும் மேடையில் பெரிய திரையில் நாங்கள் தெரிவோம். அதற்காக டி.வி.க்காரர்கள் ஒரு கேமராக்காரரை அனுப்பியிருந்தார்கள். முதலாளி எல்லோரையும் மஞ்சள் டீ-ஷர்ட்டில் வரச் சொல்லி முன்பே உத்தரவு போட்டிருந்தார், சட்டை சிக்கிய விவகாரத்தில் அதை மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேமராக்காரர் உள்ளே வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “சூப்பருங்க! செட்டு போட்ட மாதிரி இருக்குது!” என்று எங்களை வரிசையாக உட்காரவைத்தார். நடுவில் முதலாளி. பக்கத்தில் மாஸ்டர். அவர் அன்றைக்கு டீகூடக் குடிக்கவில்லை, ஒன்றுகூட.

போட்டி ஆரம்பமானது. பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன் ஆடினான். ஆண்டவன் அவனுக்கு எலும்பு வைக்க மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். இலங்கைப் பெண் ஆடியபோது எங்கள் ஹாலிலேயே கைதட்டினார்கள். முதலாளி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு இந்தியா என்றார்கள்.

ஏஞ்சல் வந்தாள். கறுப்புக் கால்சட்டை. மேலே தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த வெள்ளைப் பனியன். டி.வி.க்காரர்கள் ஏதோ ஜிகினாச் சட்டை கொடுத்துப் பார்த்தார்களாம். கையைத் தூக்கினால் மூச்சு முட்டியதால் கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று எஸ்தர் அக்கா காலையில் சொல்லியிருந்தார். இருந்தாலும், பளபளவென்று மின்னிய அந்தப் பெரிய மேடையில் அவளை அப்படிப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. ஏதோ வேலையாக உள்ளே வந்த பெண், தெரியாமல் மேடைக்கு வந்துவிட்டதுபோல நின்றாள்.

அந்த நேரத்தில் மேடைத் திரையில் எங்களைக் காட்டினார்கள். ஹால் முழுக்க மாம்பழ மஞ்சள். தொகுத்து வழங்கிய ஆள் சிரித்துக்கொண்டே, “உங்கள் ஊரே ஆட்டத்துக்கு உடுத்தி வந்திருக்கிறது, நீங்கள் மட்டும் மறந்துவிட்டீர்களா?” என்று இங்கிலீஷில் கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அங்கிருந்த கூட்டம் சிரித்தது. ஏஞ்சலுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், சிரிப்பு முழுசாகப் புரிந்தது. திரையில் எங்களைப் பார்த்தாள். குனிந்து தன் பனியனைப் பார்த்தாள். கீழ் உதடு கோணியது. செக்கிங் டேபிளில் சூப்பர்வைசர் திட்டும்போது அந்த உதடு இப்படித்தான் கோணும், அடுத்த நிமிஷம் பாத்ரூமுக்கு ஓடிவிடுவாள். போச்சு, இங்கேயும் ஓடிவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

மாஸ்டர் எழுந்தார்.

எழுந்து, யாரையும் பார்க்காமல், தன் மஞ்சள் டீ-ஷர்ட்டைத் தலை வழியாகக் கழற்ற ஆரம்பித்தார். பெரிய சைஸெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்து முடிந்துவிட்டதாலோ என்னவோ, அவர் போட்டிருந்தது மீடியம். பாதியில் தலை சிக்கிக்கொண்டது. பல நாட்டு மக்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிகழ்ச்சியில், தலை இல்லாத ஒரு மஞ்சள் மனிதர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தள்ளாடினார். மனோஜ் பாய்ந்து போய் ஒரே இழுப்பாக இழுத்தான். சட்டை கையோடு வந்தது. மாஸ்டர் முடி கலைந்து, வெள்ளைப் பனியனோடு நின்றார்.

“கண்ணு! நானும் உன்ற மாதிரியேதான் பாரு!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

அவள் காதுக்கு அது போயிருக்காது. ஆனால் மனோஜுக்குப் புரிந்துவிட்டது. அவனும் கழற்றினான். டீக்கடைக்காரர் கழற்றினார். கட்டிங் ஆட்கள், அயர்ன் ஆட்கள், வாட்ச்மேன் என்று வரிசையாக மஞ்சள் உரிந்து வெள்ளை ஆனது. முதலாளி இடமும் வலமும் பார்த்தார். பிறகு கழுத்துச் சங்கிலியை ஒதுக்கிக்கொண்டு அவரும் கழற்றிவிட்டார். செக்கிங் பெண்கள் என்ன செய்வார்கள் பாவம். ஒருத்தி ஓடிப்போய் மூலையில் கிடந்த வெள்ளைத் துணி ரோலை உருட்டிவிட்டாள், ஒரு வரிசை முழுக்க ஒரே துணியை இழுத்துத் தோள் வரை போர்த்திக்கொண்டோம். நானும்தான். இந்த அமளியில் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரும் ஆவேசமாகச் சட்டையைக் கழற்றினார். பனியன் ஊரில் இருந்துகொண்டு அந்த மனிதர் பனியன் போடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. வெறும் உடம்போடு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியவர், நிகழ்ச்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஏஞ்சல் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். டீ டைமில் சிரிக்கிற அதே சிரிப்பு.

இசை தொடங்கியது. அவள் ஆட்டம் வேறொன்றும் இல்லை, தினமும் செய்கிற வேலைதான். ஒரு சட்டையை எடுக்கிறாள், புரட்டுகிறாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், மடிக்கிறாள், அடுத்ததை எடுக்கிறாள். கையில் சட்டையே கிடையாது. கை வேகமாகிறது, உடம்பு கூடப் போகிறது, தேடுகிறாள், தேடியது கிடைத்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுகிறாள். எங்களுக்கெல்லாம் அந்த வேலை தெரியும். கழுத்து வலிக்கும் வேலை. அது இப்படிப் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மஞ்சள் சட்டை இருந்திருந்தால் ஆட்டம் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாஸ்டர் நல்ல கட்டிங் மாஸ்டர். சுற்றும்போதெல்லாம் அந்தக் கை பறந்திருக்கும்.

எலும்பில்லாத பையனுக்கு முதல் பரிசு. இரண்டாவது ஜப்பான் பெண். மூன்றாவதாக அவள் பெயரைச் சொன்னபோது எங்கள் ஹாலில் எழுந்த சத்தத்தில் கேமராக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். தொகுத்து வழங்கியவன், ஊர்க்காரர்களின் ‘வெள்ளை அலங்காரம்’ மிகவும் அர்த்தமுள்ளது என்று இரண்டு நிமிஷம் பேசினான். முதலாளி அதை ஒத்திகை பார்த்துச் செய்ததுபோலத் தலையாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எஸ்தர் அக்கா. “மேடம், எங்க அண்ணன்ட்ட இனிமே நான் என்ன சொல்லுவேன்!” என்று சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு ஏஞ்சல் வாங்கி, “மாஸ்டர்ட்ட குடுங்க மேடம்” என்றாள்.

மாஸ்டர் வாங்க மாட்டேன் என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். மனோஜ் பிடித்துக்கொள்ள, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“கண்ணு, தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. அந்தச் சட்டைய உன்ற கையில குடுத்திருக்கோணும். நாந்தான்...”

“அட விடுங்க மாஸ்டர். இன்னும் பனியனோடயேவா நிக்கிய? சட்டைய மாட்டுங்க மொதல்ல, பனி எறங்குது, சளி பிடிச்சுரும்.”

மாஸ்டர் கீழே குனிந்து சட்டையைத் தேடினார். கண் நிறையத் தண்ணீர், எதிரில் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் எடுத்தேன். உள்புறம் வெளியே வந்து சுருண்டு கிடந்தது. அதைத் திருப்பி, உதறி, கழுத்தை அகலப் பிடித்து அவர் தலைக்கு மேலே நீட்டினேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைபோல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். திட்டுவதற்கென்று முந்தின நாள் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இப்படி ஒரு மனுஷன் நம்மோடு இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தலை மறுபடியும் சிக்கிக்கொள்ளாமல், மெதுவாகப் போட்டுவிட்டேன்.